மதுவின் பின்னால் மறைந்திருக்கும் மனத்துயர்

ஞாயிறு திருப்பலி நிறைவுற்று மக்கள் கலைந்து செல்லும் வேளையில், ஆலய முற்றத்தின் ஓரமாக ஒரு தாய் தயங்கி நிற்பார். எல்லோரும் போனபின் பங்குத்தந்தையை அணுகி, "சுவாமி, இவர் குடியை விடவேணும் எண்டு செபியுங்கோ" என்று மெல்லிய குரலில் கேட்பார். நம் பங்குகளில் இக்காட்சியைக் காணாதவர் இல்லை. பூசைக் கருத்தாக எழுதிக் கொடுக்கப்படும் சீட்டுகளிலும், மடு அன்னையின் திருப்பாதத்தில் வைக்கப்படும் நேர்த்திகளிலும் இதே மன்றாட்டு ஆண்டுதோறும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றது.

அந்தத் தாயிடம் நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. "எவ்வளவு குடிக்கிறார்?" என்று கேட்போம். "எப்போது தொடங்கினார்?" என்று கேட்போம். "அவருடைய மனதில் என்ன துயரம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்பதில்லை. குடி கண்ணுக்குத் தெரிகின்றது. அதன் கூச்சல் அயலவருக்கும் கேட்கின்றது. துயரமோ ஓசையின்றி உள்ளே இருக்கின்றது. வெளியே தெரியும் ஒன்றோடு மட்டும் போராடி, உள்ளே இருக்கும் மற்றொன்றைக் காணாது விடுவதனால், பல குடும்பங்களின் போராட்டம் பாதி வழியிலேயே தோற்றுப்போகின்றது.

மதுப் பழக்கமும் மனச்சோர்வும் பல வேளைகளில் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் இரு நோய்கள். ஒன்று மற்றொன்றை அழைத்து வருகின்றது. பின்னர் அதை வளர்த்தும் விடுகின்றது. இரண்டையும் ஒருங்கே நோக்கினால் அன்றி முழுமையான நலம் பிறப்பது அரிது. இவ்வாரம் இவ்வுண்மையைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

மீற்றர் வட்டிக்கு வாங்கிய நிம்மதி

மனச்சோர்வு என்பது ஒரு நாள் கவலையன்று. மரண வீட்டின் துக்கமும் பரீட்சையில் தோற்ற ஏமாற்றமும் மனித வாழ்வின் இயல்பான பகுதிகள். ஆனால் இரண்டு வாரங்கள் அல்லது அதற்கு மேலாக நாள் முழுவதும் மனம் இருண்டு கிடப்பதும், முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போவதும், உறக்கமும் பசியும் குலைவதும், உடல் தளர்வதும், தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் விடாது துரத்துவதும், வாழ்வில் பொருளில்லை என்று தோன்றுவதும் சேர்ந்து வருமாயின், அது மருத்துவத்தை வேண்டிநிற்கும் நோயாகும். ஆண்களிடத்தில் அது கண்ணீராக வெளிப்படாது, எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படுவதும் உண்டு. "முந்தி இப்படிச் சினக்கிற மனுசன் இல்லை" என்று மனைவி சொல்லும் வார்த்தைக்குள் ஒரு நோயின் தொடக்கம் மறைந்திருக்கக் கூடும்.

இத்தகைய மனநிலையில் வாடுபவரிடம் மது முதலில் நண்பனைப் போலவே வருகின்றது. மூளையின் செயற்பாட்டைத் தணிப்பது அதன் இயல்பு. மூளையில் அமைதியூட்டும் இரசாயனத்தின் வலுவை அது கூட்டுகின்றது. விழிப்பூட்டும் இரசாயனத்தின் வலுவைக் குறைக்கின்றது. ஆகவே சிறிது நேரத்திற்கு மனப்பாரம் இறங்கியது போலிருக்கும். பேச நாணியவர் பேசுவார். உறக்கமின்றித் தவித்தவர் கண்ணயர்வார். ஆனால் மூளை தன் சமநிலையைக் காத்துக்கொள்ள எதிர்த்திசையில் இயங்கத் தொடங்கும். மதுவின் வலு வடிந்துபோனதும் அந்த எதிர்விசை மாத்திரம் எஞ்சி நிற்கும். நள்ளிரவு கடந்து நெஞ்சு படபடக்க விழிப்பு வருவதும், விடியும்போது முந்திய நாளைவிடப் பெரிய துயரம் கவிந்திருப்பதும் இதனாலேயே. முதல் நாள் பேசிய பேச்சின் வெட்கமும் கரைந்துபோன பணத்தின் கவலையும் அத்தோடு சேர்ந்துகொள்ளும். அவற்றைத் தாங்குவதற்கு மறுபடியும் போத்தலை நாடுகின்றார்.

மீற்றர் வட்டிக்குப் பணம் வாங்கியவரின் நிலை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததே. இன்றைய தேவை தீரும். நாளைக்கு வட்டி நிற்கும். அந்த வட்டியைக் கட்ட இன்னொரு கடன் எடுக்க நேரும். மது தரும் நிம்மதியும் அத்தகையதே. நாளைய அமைதியை ஈடுவைத்து இன்றைக்கு வாங்கும் கடன் அது.

திருவிவிலியம் இதை நன்கு அறிந்திருந்தது. நீதிமொழிகள் நூலின் 23ஆம் அதிகாரம், கண் சிவந்து, காரணமின்றிக் காயப்பட்டு, நடுக்கடலில் கிடப்பவனைப் போலத் தள்ளாடும் ஒரு குடிகாரனைப் படம்பிடித்துக் காட்டுகின்றது. அவன் விழித்தெழுந்ததும் மறுபடி மதுவையே தேடுவதோடு அந்தப் பகுதி முடிகின்றது. அதே நூலின் 31ஆம் அதிகாரமோ, மனம் கசந்தவர் தம் வறுமையையும் துன்பத்தையும் மறப்பதற்காக மதுவை நாடுவதைக் குறிப்பிடுகின்றது. ஒன்று விளைவைச் சொல்கின்றது. மற்றது காரணத்தைச் சொல்கின்றது.

மருத்துவ ஆய்வுகளும் இவ்விரண்டையும் உறுதிசெய்கின்றன. பிறவுண், ஷக்கிற் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மதுநோய்க்குச் சிகிச்சை பெறவந்த 191 ஆண்களை அவதானித்து, 1988ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். சிகிச்சையின் முதல் வாரத்தில் அவர்களுள் 42 வீதத்தினரிடம் மனச்சோர்வு கடுமையாகக் காணப்பட்டது. மதுவைத் தொடாது நான்கு வாரங்கள் கழிந்தபோது அத்தொகை 6 வீதமாகக் குறைந்தது. அவர்களுள் பெரும்பாலானோரின் துயரத்தை மதுவே விளைவித்திருந்தது. மது நீங்கியபோது துயரமும் நீங்கியது. ஆயினும் சிலருக்கு அது நீங்கவில்லை. அவர்களுடைய மனச்சோர்வு தனக்கென வேர் கொண்டிருந்தது. அதற்குத் தனியான மருத்துவம் தேவைப்பட்டது. இத்துறையின் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கிய போடன், பெர்கசன் என்னும் நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இவ்விரு நோய்களுள் ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று வரும் வாய்ப்பு இரு மடங்காகின்றது என்று எடுத்துக்காட்டினர்.

ஒரு மனிதரின் இரு போராட்டங்கள்

எண்கள் கூறும் இவ்வுண்மையை ஒரு மனித வாழ்வில் வைத்துப் பார்ப்போம். குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்கும் 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் இயக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதன் நிறுவுநர்கள் இருவருள் ஒருவர் பில் வில்சன். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே தந்தை வீட்டை விட்டு நீங்கினார். தாயும் கல்விக்காகப் பொஸ்ரன் நகருக்குச் சென்றுவிட, தாய்வழிப் பாட்டன் பாட்டியரிடம் வளர்ந்தார். 1912ஆம் ஆண்டில், அவர் பள்ளி மாணவராக இருந்தபோது, அவர் நேசித்த பெண் சத்திரசிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து இறந்துபோனார். அத்துயரம் அவரை ஆழ்ந்த மனச்சோர்வுக்குள் தள்ளியது, கல்வியையும் குலைத்தது.

அதுவரையில் அவர் மது அருந்தியதில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1917இல் இளம் இராணுவ அதிகாரியாக ஒரு விருந்துக்குச் சென்றபோதே அவர் முதன்முதலாக அதைச் சுவைத்தார். மற்றவர்களுக்கும் தனக்கும் இடையில் நின்ற சுவர் இடிந்து விழுந்ததாக அன்று அவர் உணர்ந்தார். துயரம் முதலில் வந்தது. மது பின்னர் வந்தது. ஆனால் வந்தபின் மது தன் வேலையைக் காட்டியது. பங்குச் சந்தையில் பெரும் பொருள் ஈட்டியவர் 1929ஆம் ஆண்டின் வீழ்ச்சியோடு எல்லாவற்றையும் இழந்தார். மனைவி லோயிஸ் கடையில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. அவரோ நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் மீண்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டார். அங்கே சில்க்வேர்த் என்னும் வைத்தியர், இது வெறும் ஒழுக்கக் குறைபாடன்று, உடலையும் மனதையும் பற்றிக்கொள்ளும் நோய் என்று அவருக்கு எடுத்துரைத்தார். 1934 டிசெம்பரில் நான்காவது முறையாக அங்கே படுத்திருந்தபோது, கடவுள் இருப்பாரானால் தம்மை வெளிப்படுத்தட்டும் என்று அவர் கதறினார். அவ்வேளையில் தமக்குக் கிடைத்த அனுபவத்தின் பின் அவர் ஒருபோதும் மதுவைத் தொடவில்லை.

மறு ஆண்டில் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில், தம்மைப் போலவே மதுவுக்கு அடிமையாகியிருந்த வைத்தியர் பொப் சிமித்தைச் சந்தித்தார். வைத்தியர் இறுதியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10, அவ்வியக்கம் பிறந்த நாளாக இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

பூக்கள் வைக்கும் அறையில் ஒரு படுக்கை

அந்நாட்களில் குடிநோயாளரை ஏற்க வைத்தியசாலைகள் தயங்கின. அதே அக்ரன் நகரில், புனித தோமையார் வைத்தியசாலையில் நோயாளரை அனுமதிக்கும் பொறுப்பில் இருந்தவர் அயர்லாந்தில் பிறந்த அருட்சகோதரி இக்னேஷியா. முன்பு இசை ஆசிரியையாகப் பணியாற்றி, உடலும் உள்ளமும் உடைந்து தளர்ந்துபோய், அப்பணியைக் கைவிட்டு வைத்தியசாலைக்கு வந்தவர் அவர். மனம் உடைவது எத்தகையது என்பதை அவர் நூல்களில் படித்து அறியவில்லை.

1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், வைத்தியர் பொப் சிமித்தின் வேண்டுகோளுக்கு இணங்கி, குடிநோயாளர் ஒருவரை அவர் அங்கே அனுமதித்தார். வயிற்று அழற்சி என்றே பதிவேட்டில் எழுதப்பட்டது. அந்நோயாளிக்குத் தனிமை வேண்டியிருந்தது. ஆகவே, நோயாளருக்கு வரும் பூக்களைத் தண்ணீரில் வைத்து ஒழுங்குபடுத்தும் சிறிய அறைக்குள் அவருடைய படுக்கை தள்ளப்பட்டது. அந்தச் சிறு அறையில் தொடங்கிய பணி தொடர்ந்து வளர்ந்து, ஆயிரக்கணக்கானோர் நலம்பெறும் இடமாக அவ்வைத்தியசாலை மாறியது.

சுகமடைந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் அருட்சகோதரி இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடியும் குடிக்க எண்ணினால், குடிப்பதற்கு முன்னர் அதைத் தம்மிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அது சாபமிடும் சத்தியமன்று. தளரும் நேரத்தில் திரும்பி வருவதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்னும் உறுதி அது.

குடியை விட்டபின் வந்த இருள்

இவ்விடத்தில் கதை முடிந்திருந்தால் அது பலரும் சொல்லும் சாட்சியமாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் 1944ஆம் ஆண்டளவில், மதுவை விட்டு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழிந்த நிலையில், பில் வில்சனை மனச்சோர்வு மறுபடியும் பற்றிக்கொண்டது. உலகமெங்கும் எத்தனையோ பேருக்கு வாழ்வளித்த மனிதர், சில நாட்களில் படுக்கையை விட்டு எழவும் இயலாதவரானார். ஏறத்தாழ 1955 வரை, விட்டும் தொட்டும் அது நீடித்தது. இயக்கத்தினர் சிலர் அவரைக் குறைகூறினர். தாம் போதித்த வழியைத் தாமே சரியாகப் பின்பற்றினால் இத்தகைய துயரம் வருமா என்று அவர்கள் கேட்டார்கள். அவரோ அதை மறைக்கவில்லை. மனநல வைத்தியர்களை நாடினார். 1958ஆம் ஆண்டில் அவ்வியக்கத்தின் சஞ்சிகையில் தம் நிலையை வெளிப்படையாக எழுதி, மதுவிலிருந்து பெறும் விடுதலைக்கு அப்பால் உணர்வுகளின் விடுதலையும் தேடப்பட வேண்டும் என்றார். 1971இல் இறக்கும்வரை அவர் மதுவுக்குத் திரும்பவில்லை.

அந்த இருண்ட ஆண்டுகளில் அவருக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் இயேசுசபைக் குருவாகிய அருட்தந்தை எட்வேட் டவுலிங். மூட்டுவாதத்தால் கால் ஊன்றி நடக்க வருந்திய அவர், 1940ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குளிர் இரவில், சென். லூயிஸ் நகரிலிருந்து வந்து பில் வில்சனைத் தேடிச் சந்தித்தார். அருட்தந்தை குடிநோயாளர் அல்லர். பில் வில்சன் கத்தோலிக்கராகவும் இல்லை. ஆயினும் 1960இல் அருட்தந்தை இறக்கும்வரை, இருபது ஆண்டுகள் அந்த நட்பு நீடித்தது. துயருற்றவரின் கதையை அலுப்பின்றிக் கேட்ட ஒரு காது அது.

குடியை விட்டபின்னும் துயரம் நீங்காத ஒரு கணவரோ மகனோ நம் வீட்டில் இருந்தால், அவருடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்று நாம் முடிவு செய்யக் கூடாது. "குடியைத்தான் விட்டாச்சே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?" என்ற கேள்வி எத்தனையோ பேரைத் தவறணைக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றது. குடி நின்றபின் நான்கு வாரங்கள் கடந்தும் மனம் தெளியவில்லை என்றால், அங்கே இரண்டாவது நோய் ஒன்று மருத்துவத்திற்காகக் காத்திருக்கின்றது என்று அறிய வேண்டும்.

நமது மண்ணின் பாரம்

இந்த வரலாறு தொலைவில் நடந்ததாயினும், அதன் பாடம் நமக்கு மிக அண்மையானது. நமது மக்கள் சுமந்த துயரங்களை நாம் பட்டியலிடத் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை கரையோரக் குடும்பங்களைச் சிதைத்தது. 2009 மே வரை நீண்ட போர், உயிர்களையும் வீடுகளையும் பறித்ததோடு, காணாமற் போனோரைத் தேடும் முடிவில்லாக் காத்திருப்பையும் விட்டுச்சென்றது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஆலயத்திலேயே உறவுகளைப் பறிகொடுத்தோம். 2022இன் பொருளாதார நெருக்கடி எஞ்சியிருந்த சேமிப்பையும் கரைத்தது. யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரும் ஆழிப்பேரலையும் நம் சமூகத்தில் விட்டுச்சென்ற கூட்டு மனவடுவைப் பற்றி எழுதியபோது, மதுப்பாவனையையும் அதன் வெளிப்பாடுகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இத்தனை துயரத்தையும் நம் ஆண்கள் எங்கே இறக்கி வைத்தார்கள்? ஆண்பிள்ளை அழக்கூடாது என்று பிள்ளைப் பருவத்திலேயே சொல்லி வளர்த்தோம். மனநல வைத்தியரிடம் போனால் 'விசர்' என்று ஊர் பேசும் என்று அஞ்சினோம். அழுவதற்கு இடமில்லாத ஊரில் தவறணைக்கு மட்டும் இடமிருந்தது. அங்கே ஒருவர் அழுதாலும் "வெறியிலை அழுறார்" என்று விட்டுவிடுவார்கள்; யாரும் குறை நினைக்க மாட்டார்கள். வெறியில் மட்டுமே அழ அனுமதிக்கப்பட்ட ஒருவர், அழுவதற்காகவே குடிக்க நேர்ந்ததில் வியப்பென்ன?

ஞானஸ்நானம், முதல் நன்மை, திருமணம் ஆகிய திருநிகழ்வுகளின் பின்னர் வீட்டின் பின்புறத்தில் நடைபெறும் 'பார்ட்டி'யையும் நாம் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்க வேண்டும். மரண வீட்டிலும் முப்பத்தோராம் நாளிலும் துக்கத்தில் இருப்பவரின் கையில் கிண்ணத்தைக் கொடுப்பதை ஆறுதல் என்று கருதுகின்றோம். துக்கத்தில் இருப்பவருக்கே அது மிகவும் ஆபத்தானது.

குடும்பத்தவர் செய்யக் கூடியவை

முதலாவதாக, பேசுவதற்கு ஏற்ற நேரத்தைத் தெரிந்தெடுங்கள். வெறியில் வரும் இரவில் பேசிப் பயனில்லை. மறுநாள் அவர் தெளிந்திருக்கும் வேளையில், பிள்ளைகள் இல்லாத இடத்தில், குற்றம் சாட்டாது பேசுங்கள். "ஏன் குடிச்சீங்கள்?" என்பதற்குப் பதிலாக "உங்கடை மனசிலை என்ன கிடக்குது?" என்று கேளுங்கள். முதல் நாளே விடை வராது, கேட்டபடி இருங்கள்.

இரண்டாவதாக, நீண்ட காலமாக நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை, வைத்திய உதவியின்றித் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியன முதல் நாளிலேயே தோன்றலாம். சிலருக்கு வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் புத்தி தடுமாற்றமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியசாலையில் உரிய மருந்துகளோடும் உயிர்ச்சத்து பி1 போன்றவற்றோடும் இதைப் பாதுகாப்பாகக் கடக்க முடியும். மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்கான வழிகாட்டல் கிடைக்கும்.

மூன்றாவதாக, குடியை மறக்கச் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் மருந்துகளை, அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உயிராபத்தை விளைவிக்கும் மருந்துகள் அவற்றுள் இருக்கக் கூடும். அது தெரியவரும் நாளில் கணவன் மனைவிக்கிடையே எஞ்சியிருக்கும் நம்பிக்கையும் அழிந்துபோகும்.

நான்காவதாக, மனச்சோர்வுக்கு வைத்தியர் மருந்து கொடுத்தால் பொறுமையோடு தொடருங்கள். அம்மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் எடுக்கும். நான்கு நாள் பார்த்துவிட்டு நிறுத்துவதும், சுகம் கண்டவுடன் தாமாகவே கைவிடுவதும், மருந்தோடு மதுவையும் அருந்துவதும் தவறானவை. மருந்தோடு உளவளத்துணையும் சேரும்போது பயன் மிகும்.

ஐந்தாவதாக, சாவைப் பற்றிய பேச்சை ஒருபோதும் வெறிப்பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். துயரமும் மதுவும் சேரும்போது, நிதானமான வேளையில் ஒருவர் செய்யாததை ஒரு கணத்தில் செய்துவிடும் ஆபத்து உண்டு. "சாகவேணும் எண்ட எண்ணம் வருகுதோ?" என்று நேரடியாகக் கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகப் பிறப்பதில்லை. மனம் திறக்கவே அது உதவும். 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்திருந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் அது பெருமளவு குறைந்தது. ஆபத்தான பொருள் கைக்கெட்டாதிருந்தாலே ஓர் உயிர் தப்பும் என்பதற்கு நம் நாடே சான்று. ஆகவே அவற்றை வீட்டில் வைத்திருக்காதீர்கள்; அவரைத் தனியே விடாதீர்கள்; தாமதியாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம்.

ஆறாவதாக, குடிப்பவரைக் காக்கும் முயற்சியில் மனைவியும் பிள்ளைகளும் மறக்கப்படலாகாது. பல வீடுகளில் அவர்களும் மனச்சோர்வுக்கு உள்ளாகின்றனர். பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடிநோயாளரின் குடும்பத்தவர் ஒருவருக்கொருவர் துணைநிற்பதற்கென்றே 1951ஆம் ஆண்டில் 'அல்-அனொன்' என்னும் குழுவைத் தோற்றுவித்தார். அடியும் உதையும் நிகழும் வீட்டில் முதற் கடமை தாயையும் பிள்ளைகளையும் பாதுகாப்பதே. மன்னிப்பு என்பது அடிவாங்கிக்கொண்டு இருப்பதன்று.

மீளும் பாதையில் ஒருவர் மீண்டும் ஒருமுறை தவறி விழக் கூடும். விழுந்த நாளைக் கொண்டு, எழுந்து நின்ற நாட்களை எல்லாம் அழித்துவிடாதீர்கள்.

பாவமா, நோயா?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, மது அருந்துவதில் அளவு கடத்தலைத் தன்னடக்கம் என்னும் நற்பண்புக்கு எதிரானதாகக் காண்கின்றது. அதே ஏடு, அடிமைப்படுத்தும் பழக்கங்களும் உளவியல் காரணங்களும் ஒருவரது செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்றும் போதிக்கின்றது. ஆகவே இதைப் பாவம் என்று மட்டும் சொல்லி ஒருவரை நசுக்கவும் வேண்டாம். நோய் என்று மட்டும் சொல்லி அவருடைய மனச்சான்றை உறங்கவிடவும் வேண்டாம். ஒப்புரவு அருட்சாதனத்திற்கும் மருத்துவரின் அறைக்கும் இடையில் பகையில்லை. சீராக் நூலின் 38ஆம் அதிகாரம், மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரே படைத்தார் என்று நினைவூட்டி, நோயுற்றவர் கடவுளிடம் மன்றாடவும் மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்று அறிவுறுத்துகின்றது.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில், அவர் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துவிடுமாறு கடவுளிடம் வேண்டுகின்றார். மாபெரும் வெற்றியைக் கண்ட இறைவாக்கினருக்கும் அத்தகைய நாள் வந்தது. கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. நம்பிக்கையற்றவனே என்று பழிக்கவுமில்லை. முதலில் உறங்கவிட்டார். பின்னர் வானதூதர் ஒருவர் வந்து தொட்டு எழுப்பி, சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் கொடுத்தார். மறுபடி உறங்கியவரை இரண்டாம் முறையும் தொட்டு எழுப்பி, பயணம் நீண்டது என்று சொல்லி உண்ணச் செய்தார். கடவுளின் மலைமேல் மெல்லிய குரலைக் கேட்பதற்கு முன்னரே எலியாவுக்கு உணவும் உறக்கமும் தொடுகையும் தேவைப்பட்டன.

ஆலய முற்றத்தில் தயங்கி நிற்கும் அந்தத் தாயின் மன்றாட்டுக்காக நாம் நிச்சயம் செபிப்போம். செபித்து முடிந்ததும் அவரோடு சற்று அமர்ந்து, அவருடைய கணவரின் மனதில் என்ன கிடக்கின்றது என்று கேட்போம். தேவையானால் வைத்தியசாலைவரை அவர்களோடு கூடச் செல்வோம். அப்பமும் தண்ணீரும் எடுத்துச் சென்று இரண்டாம் முறையும் தொட்டெழுப்ப, நம் பங்கிலும் யாரேனும் ஒருவர் இருக்க வேண்டாமா?